அடுப்படிக் குப்பைக்குத் தனிக் கூடை

நம் வீட்டிலிருந்து ஒரு நாளைக்கு எவ்வளவு குப்பை வெளியேறுகிறது என்று நிறுத்துப் பார்த்தவர்கள் தோட்டங்களில் மிகச் சிலரே இருப்பர். மலேசிய அரசாங்கம் 2012ஆம் ஆண்டில் நாடளாவிய முறையில் நடத்திய ஆய்வின்படி, வீட்டில் ஒருவர் நாளொன்றுக்கு உண்டாக்கும் குப்பை சராசரியாக 0.76 கிலோகிராம் ஆகும். ஐந்து பேர் கொண்ட குடும்பத்திற்குக் கணக்கிட்டால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 4 கிலோகிராம். ஓராண்டில் ஒரு டன்னையும் தாண்டிவிடும். நகரத்து வீடுகளைப் போலத் தோட்டத்து வீடுகள் வாரி இறைப்பதில்லை என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். அதில் உண்மையும் உண்டு. ஆயினும் இதில் பாதியென்றே வைத்துக்கொண்டாலும், அரை டன் குப்பையை எங்கே கொண்டுபோய்ப் போடுகிறோம் என்ற கேள்வி நிற்கத்தான் செய்கிறது.

அதே ஆய்வு இன்னொன்றையும் எடுத்துக் காட்டிற்று. வீட்டுக் குப்பையில் 44.5 விழுக்காடு உணவுக் கழிவு, 13 விழுக்காடு அளவில் பிளாஸ்டிக், 12 விழுக்காடு குழந்தைகளுக்குக் கட்டும், நாம் பேம்பர்ஸ் என்று பொதுவாகச் சொல்லும் உறைகள், 8.5 விழுக்காடு காகிதம். ஆக, நாம் வீசும் பொருள்களில் கிட்டத்தட்டப் பாதி மண்ணிலிருந்து வந்து மண்ணுக்கே திரும்பிப் போகக்கூடியவை. அடுப்படியில் தோன்றும் இந்தப் பாதியை மட்டும் தனியே பிரித்துவிட்டால் குப்பைத் தொல்லையின் பெரும்பகுதி அங்கேயே தீர்ந்துவிடும் என்பதே இக்கட்டுரையில் நாம் சொல்ல வந்த செய்தி.

நம் பாட்டன் பாட்டிமார் காலத்தில் லயத்து வீடுகளுக்குப் பின்னால் குப்பை வீசப்பட்டதுண்டு. வாழையிலை, தேங்காய் மட்டை, விறகுச் சாம்பல், மீன் முள், காய்கறித் தோல் ஆகியவையே அக்காலத்துக் குப்பை. கடைச் சாமான் பழைய செய்தித்தாளில் பொட்டலமாக வந்தது. எண்ணெய்க்கு வீட்டுப் போத்தலையே கொண்டுபோனார்கள். வீசியதைக் கோழி கிளறிற்று, ஆடு தின்றது, எஞ்சியதை மழையும் மண்ணும் ஏற்றுக்கொண்டன. இன்று நாமும் அதே இடத்தில்தான் வீசுகிறோம். ஆனால் வீசுகின்ற பொருள் முற்றிலும் மாறிவிட்டது. மீன் குழம்பு படிந்த பிளாஸ்டிக் பை, பாதி குடித்த பானம் நிற்கும் தகரக் குவளை, எச்சில் சோறு ஒட்டிய வெண்ணுரைப் பெட்டி ஆகியவற்றைக் கோழியும் கிளறாது, மண்ணும் ஏற்காது. வழக்கம் பழையது, குப்பை புதியது என்பதை உணர்ந்தால் யாரையும் நாம் குறைசொல்லத் தேவையிருக்காது.

கலப்பதால் விளையும் கேடு

ஈரக் குப்பையும் உலர்ந்த குப்பையும் ஒரே பையில் சேரும்போது இரண்டுமே வீணாகின்றன. தனியாக இருந்திருந்தால் உரமாகியிருக்கும் கீரைத்தண்டு, பிளாஸ்டிக்கோடு கலந்ததால் உரக்குழிக்கு உதவாது. தனியாக இருந்திருந்தால் காசாகியிருக்கும் காகிதம், குழம்பில் நனைந்ததால் பழைய காகிதம் வாங்க வரும் பேப்பர் லாமாக்காரருக்கும் வேண்டாத பொருளாகிறது. பிரிப்பதற்கு வீட்டில் ஒரு நொடி போதும். கலந்த பின் அதைப் பிரிக்க எவரும் முன்வரார்.

சோறும் மீன் கழிவும் கிடக்கும் இடத்தை எலி தேடி வரும். எலியின் சிறுநீர் கலந்த நீரும் சேறும் வெட்டுக்காயத்தின் வழியாக உடலுள் நோய்க்கிருமியைச் செலுத்துகின்றன. மலாய் மொழியில் 'கென்சிங் தீக்குஸ்' என்று மக்கள் குறிப்பிடும் இந்த எலிக் காய்ச்சல், 2010ஆம் ஆண்டு முதல் மலேசியாவில் சுகாதார அமைச்சுக்குக் கட்டாயமாகத் தெரிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் இருக்கிறது. விடியுமுன் ஈரப்புல்லிலும் சேற்றிலும் நடந்து மரம் சீவப் போகிறவர்களுக்கும், கையிலும் காலிலும் கீறல் இல்லாத நாளே இல்லை என்று சொல்லத்தக்க நம் தொழிலாளர்களுக்கும் இதன் பொருளை விளக்கத் தேவையில்லை.

கொசுவின் கதை வேறு. டிங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குச் சாக்கடை வேண்டாம். தெளிந்த மழைநீர் சிறிது தேங்கினால் போதும். வீசியெறிந்த பால் டின், கொட்டாங்கச்சி, பிளாஸ்டிக் பையின் ஒரு மடிப்பு ஆகியவை அதற்கு மாளிகைகள். முட்டை கொசுவாக 7 முதல் 10 நாள் ஆகும். நீர் வற்றிவிட்டால் முட்டை பல மாதம் உலர்ந்து கிடந்து, அடுத்த மழையில் பொரிக்கும். 2019ஆம் ஆண்டில் மட்டும் நாட்டில் 1,30,101 பேர் டிங்கிக் காய்ச்சலுக்கு ஆளாகி, 182 பேர் உயிரிழந்தனர். நிழல் மிகுந்த ரப்பர் நிரைகளில் வாழும் ஏடிஸ் இனம் ஒன்று, சீவாது விட்ட மரத்தில் தொங்கும் மங்குகளிலும் முட்டையிடும். ஆகவே சீவல் நிறுத்தப்படும் நிரைகளில் மங்குகளைக் கவிழ்த்து வைக்க வேண்டும் என்பது வெறும் ஒழுங்குக்காகச் சொல்லப்படும் விதியன்று. வீட்டைச் சுற்றிலும் வாரம் ஒரு முறை டின்களையும் சிரட்டைகளையும் கவிழ்த்துவிட்டால் கொசுவின் பிறப்புக் கணக்கு முறிந்துபோகும்.

'கொளுத்திவிட்டால் தீர்ந்தது' என்பாரும் உளர். 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டம் திறந்தவெளியில் எரிப்பதைத் தடைசெய்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்க, பிளாஸ்டிக் எரியும் புகையை முதலில் சுவாசிப்பவர்கள் பக்கத்து வீட்டுக் குழந்தைகளே. சில வகைப் பிளாஸ்டிக் எரியும்போது டையாக்சின் என்னும் கொடிய நச்சுப்பொருளும் உண்டாகிறது. அன்றியும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் ரப்பர் மரங்கள் இலையுதிர்த்துத் தரையெங்கும் சருகு மண்டிக் கிடக்கும் வேளையில், ஒரு குப்பைத் தீ காற்றில் தாவி முழு நிரையையும் பொசுக்கிவிடக் கூடும். மரம் பொசுங்கினால் பறிபோவது நம் வேலையே.

சருகும் தோலும் சேர்ந்தால் உரம்

இனிச் செய்முறைக்கு வருவோம். அடுப்படியில் மூடியுள்ள ஒரு வாளி போதும். பழைய சாய வாளியாயினும் நன்கு கழுவிப் பயன்படுத்தலாம். காய்கறித் தோல், கீரைத்தண்டு, பழத்தோல், தேயிலைச் சக்கை, முட்டை ஓடு, துருவிப் பிழிந்த தேங்காய்ச் சக்கை ஆகியவை அதில் சேரட்டும். மீனும் இறைச்சியும், எண்ணெய்ப் பண்டமும், குழம்பு கலந்த சோறும் வேண்டாம். அவை நாற்றம் பரப்பும். எலியையும் நாயையும் அழைக்கும். மீன் கழிவை வாழை அல்லது தென்னையின் தூரிலிருந்து சற்றுத் தள்ளி ஒன்றரை அடி ஆழத்தில் புதைத்து மண்ணை மிதித்து மூடினால் நாய் தோண்டாது, மரமும் செழிக்கும்.

உரத்திற்குக் குழி வெட்டுவது நூல்களில் சொல்லப்படும் வழக்கம். ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பொழியும் நம் நாட்டில், குழி வெட்டினால் அது பல நாள் குட்டையாகவே கிடக்கும் என்பது நம் கருத்து. மேட்டிடத்தில், தரைக்கு மேலேயே, மூங்கிலோ பழைய பலகையோ கொண்டு 3 அடி நீளம், 3 அடி அகலம், 3 அடி உயரத்தில் ஓர் அடைப்புக் கட்டுவதே சிறந்தது. காற்றுப் புக இடைவெளி விட வேண்டும். மேலே ஒரு பழைய தகரத்தைச் சாய்த்து வைத்தால் மழை நேரே விழாது. வீட்டுச் சுவரை ஒட்டியும், கிணறு, ஓடை ஆகியவற்றின் அருகிலும் அமைக்கலாகாது. நிலம் தோட்டத்துக்கு உரியது ஆதலால், தண்டலிடமும் நிர்வாகத்திடமும் முன்கூட்டியே சொல்லி இடம் கேட்டுக்கொள்வது முறை. நான்கு வீடுகள் சேர்ந்து ஓர் அடைப்பு வைத்தால் அது விரைவில் நிறையும். குவியல் பெரிதாக இருந்தால்தான் உள்ளே சூடும் பிறக்கும்.

அடியில் அரை அடி உயரத்துக்குக் காய்ந்த லாலாங் தண்டும் சிறு குச்சிகளும் பரப்புக. அதன் மேல் ஒரு வாளி அடுப்படிக் கழிவுக்கு இரண்டு அல்லது மூன்று வாளி உலர்ந்த சருகு என்ற கணக்கில் மாறி மாறிப் போட்டு வர வேண்டும். ஒவ்வோர் அடுக்கிலும் ஒரு கை மண் தூவினால் நலம். மாடு வைத்திருப்போர் சாணத்தைக் கரைத்து ஊற்றலாம். மேலடுக்கு எப்போதும் சருகாகவே இருக்கட்டும், ஈ மொய்க்காது.

சருகு ஏன் அவ்வளவு தேவை என்று கேட்கலாம். குப்பையை உரமாக்குவன கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்கள். சருகிலுள்ள கரிப்பொருள் அவற்றுக்கு விறகு போன்றது; காய்கறித் தோலிலுள்ள நைட்ரஜன் அவற்றின் உடலை வளர்ப்பது. விறகு குறைந்து தோல் மிகுந்தால், நைட்ரஜன் நாற்றமாகக் காற்றில் போய்விடும். சருகு மட்டும் மிகுந்தால் குவியல் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். கழிப்பறைக்குத் தெளிக்கும் கிருமிநாசினியைக் குவியலில் ஊற்றிச் 'சுத்தப்படுத்த' எண்ணுவோரும் உண்டு. அது வேலையாள்களைக் கொன்றுவிட்டு வேலையை எதிர்பார்ப்பதற்கு ஒப்பாகும்.

சருகுக்கு நாம் எங்கும் போக வேண்டியதில்லை. இலையுதிர் காலத்தில் வாசலில் கூட்டிக் குவிக்கும் ரப்பர் இலைகளை எரிக்காமல், உரச் சாக்குகளில் திணித்து நனையாத இடத்தில் வைத்துக்கொண்டால் ஆண்டு முழுவதும் எடுத்துப் பயன்படுத்தலாம். ரப்பர் இலை சற்றுத் தடித்தது. காலால் மிதித்து நொறுக்கிப் போட்டால் விரைவில் மக்கும். ஆனால் வீட்டைச் சுற்றி விழும் சருகை மட்டுமே எடுக்க வேண்டும். நிரைகளில் விழுபவை அம்மரங்களுக்கே உரமாகின்றவை. அவற்றை வாரிக்கொண்டு வருவது மரத்தின் உணவைப் பறிப்பதாகும். ரப்பர் வேர்த்துண்டையும் பட்ட மரத்தின் கட்டையையும் குவியலில் சேர்க்கவே கூடாது. வெண்வேர் நோய்க் காளான் இத்தகைய துண்டுகளில் உயிரோடு தங்கியிருந்து பரவக்கூடியது.

ஈரம் சரியாக இருக்கிறதா என்று அறிய, ஒரு கை எடுத்து இறுகப் பிழிந்து பார்த்தால் போதும். இரண்டொரு சொட்டு நீர் கசிந்தால் சரி. நீர் ஒழுகினால் சருகு சேர்க்க வேண்டும். எறும்பு குடியேறியிருந்தால் குவியல் காய்ந்துவிட்டது என்று பொருள். அரிசி கழுவிய நீரை ஊற்றலாம். பத்து நாளைக்கு ஒருமுறை மண்வெட்டியால் புரட்டிவிடுக. நல்ல குவியலின் நடுவில் கை வைக்க முடியாத அளவு சூடு தோன்றும். அந்தச் சூட்டில் ஈயின் புழுக்களும் களை விதைகளும் மடிகின்றன. சிறு குவியல் அவ்வளவு சூடேறாது. அதனால் உரம் கிடைக்காமல் போவதில்லை, காலம்தான் கூடுதலாகும். மூன்று நான்கு மாதங்களில் குவியல் பாதிக்கும் கீழே இறங்கிக் கறுத்து, மழை பெய்த மண்ணின் மணம் வீசும். அப்போது புதியதைக் கொட்டுவதை நிறுத்தி, பக்கத்தில் இரண்டாம் அடைப்பைத் தொடங்கலாம்.

ஒரு பங்கு உரத்திற்கு இரண்டு பங்கு மண் கலந்து கத்தரி, மிளகாய், வெண்டை, பாகல், கீரை ஆகியவற்றை நடலாம். மழை கொட்டும் மாதங்களில் சீவல் இல்லாத நாள்கள் பெருகுவதையும், இலையுதிர்ந்து துளிர்க்கும் காலத்தில் பால் குறைவதையும் தோட்டத்தில் வாழும் நமக்கு எவரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அந்நாள்களில் சந்தைக்குப் போகும் பையின் சுமையைக் கொல்லையிலுள்ள ஒரு கட்டுக் கீரையும் ஒரு கை மிளகாயும் சற்றே குறைக்கும். இவ்வுரம் கடையில் விற்கும் உரத்துக்கு முற்றிலும் மாற்றாகும் என்று நாம் சொல்லமாட்டோம். ஆயினும் மழையில் கரைந்தோடும் மண்ணை இறுக்கிப் பிடித்து ஈரத்தைத் தாங்கும் தன்மையில், கடை உரம் இதற்கு ஈடாகாது.

இங்கு ஒன்றை வெளிப்படையாகவே சொல்ல வேண்டும். விடியற்காலையில் எழுந்து சமைத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, மரம் சீவிப் பாலெடுத்துத் திரும்பும் தாய்மார்களின் தலையில் மேலும் ஒரு வேலையைச் சுமத்துவதற்காக இதை நாம் எழுதவில்லை. வாளியைக் கொண்டுபோய்க் கொட்டுவது பள்ளிப் பிள்ளைக்கு ஏற்ற வேலை. புரட்டிவிடுவது ஆண்கள் செய்ய வேண்டியது. வீட்டிலுள்ள அனைவரும் சாப்பிடுகிறார்கள். தோல் போடுவதும் அனைவருக்கும் பொது.

உலர்ந்தவை காசாகும்

ஈரக் கழிவு பிரிந்துவிட்டால் மிச்சமுள்ளதைக் கையாள்வது எளிது. காகிதம், அட்டைப்பெட்டி, தகரம், அலுமினியக் குவளை, தடித்த பிளாஸ்டிக் போத்தல் ஆகியவற்றைக் கழுவிக் காயவைத்து ஒரு சாக்கில் கட்டி, நனையாத இடத்தில் வைக்க வேண்டும். இவற்றுள் அலுமினியக் குவளைக்கே எடைக்கு எடை நல்ல விலை கிடைக்கும். இரும்புத் தகரத்தோடு கலந்து கொடுத்தால் தகரத்தின் விலைக்கே போய்விடும். காந்தம் ஒட்டாதது அலுமினியம் என்று பிள்ளைகளிடம் சொன்னால் அவர்களே பிரித்துவிடுவார்கள். பொரித்து மிஞ்சிய எண்ணெயையும் வாங்கிச் செல்வோர் பல ஊர்களில் உண்டு. போத்தலில் வடித்து வைத்தால் காசு, கால்வாயில் ஊற்றினால் அடைப்பு.

திடக்கழிவு, பொதுத் துப்புரவு நிர்வாகச் சட்டம் 2007ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. அதனை ஏற்றுக்கொண்ட ஜொகூர், மலாக்கா, நெகிரி செம்பிலான், பகாங், கெடா, பெர்லிஸ் ஆகிய மாநிலங்களிலும் கோலாலம்பூர், புத்ராஜெயாவிலும், 2015ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாளிலிருந்து வீட்டிலேயே குப்பையைப் பிரித்து வைப்பது கட்டாயமாக்கப்பட்டது. நகர்களில் வைத்துள்ள மறுபயனீட்டுத் தொட்டிகளில் நீலம் காகிதத்திற்கு, பழுப்பு கண்ணாடிக்கு, ஆரஞ்சு பிளாஸ்டிக்குக்கும் உலோகத்துக்கும் உரியவை. நகரமன்றத்தின் குப்பை வண்டி உள்ளே வராத தோட்டங்கள் பல உண்டு. அங்கே குப்பையை அகற்றும் ஏற்பாட்டைத் தோட்ட நிர்வாகமே செய்ய வேண்டியிருக்கிறது. எந்தக் கிழமை வண்டி வரும், எங்கே வைக்க வேண்டும் என்பதை வீட்டுக்கு ஒருவர் தெரிந்துவைத்திருப்பதும், வண்டி வராத வாரத்தில் தொழிற்சங்கப் பொறுப்பாளர் வழியாகவோ டிரசர் வழியாகவோ அதைத் தெரியப்படுத்துவதும் நம் உரிமை; கேட்பதில் கூச்சம் வேண்டாம். குழந்தைகளின் பேம்பர்ஸ் உறைகள் இந்த வண்டியில்தான் போக வேண்டும். உரக்குவியலுக்கோ ஓடைக்கோ அல்ல. பகலில் வீட்டிலிருக்கும் வேளையில் பழைய கைலித் துணியைக் கட்டினால் அவற்றின் எண்ணிக்கையும் செலவும் பாதியாகும்.

வீட்டுக்குள் வராத பொருள் குப்பையாவதில்லை என்பதையும் இங்கே குறிப்பிடலாம். சம்பள நாளில் கடைக்குப் போகும்போது இரண்டு துணிப்பைகளை மடித்து எடுத்துச் செல்வது சிரமமன்று. சிலாங்கூரில் 2017ஆம் ஆண்டு ஜனவரி முதல் ஒரு பிளாஸ்டிக் பைக்கு 20 சென் கட்டணம் விதிக்கப்பட்ட பின் அது சிக்கனமும் ஆயிற்று. சாப்பாடு 'புங்குஸ்' வாங்கப் போகும்போது அடுக்குச்சட்டியை நீட்டினால் கடைக்காரர் மறுப்பதில்லை. மிஞ்சிய சோற்றில் நீரூற்றி மறுநாள் உண்ணும் பழக்கத்தை ஏழ்மையின் அடையாளமாக இளையோர் சிலர் கருதத் தொடங்கியிருப்பது நமக்கு வியப்பளிக்கிறது. சோற்றை அறையின் வெப்பத்தில் நெடுநேரம் திறந்து வைக்காமல், ஆறியதும் நீரூற்றி மூடி, மறுநாள் காலையிலேயே உண்டுவிட வேண்டும் என்பது மட்டுமே இதில் கவனிக்க வேண்டியது.

வீட்டுக்குள் வரக்கூடாத ஒன்று

இறுதியாக, எக்காரணத்தாலும் வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாத ஒரு பொருளைப் பற்றிக் கூற வேண்டும். களைக்கொல்லி, பூச்சிமருந்து, பால் உறையவைக்கும் அமிலம், அம்மோனியா ஆகியவை வந்த காலிக் கலங்கள் பார்வைக்கு உறுதியாகவும் இலேசாகவும் இருப்பதால், அவற்றில் தண்ணீர் பிடித்து வைக்கும் வழக்கம் சில வீடுகளில் இன்றும் உண்டு. பிளாஸ்டிக்கில் ஊறிய மருந்து எத்தனை முறை கழுவினாலும் முழுமையாக நீங்குவதில்லை. பாராகுவாட் என்னும் களைக்கொல்லி 2020ஆம் ஆண்டு ஜனவரி முதல் மலேசியாவில் தடைசெய்யப்பட்டுவிட்டது. ஆனால் அதற்கு முன் வந்த கலங்கள் கொட்டகை மூலைகளில் இன்னும் கிடக்கக்கூடும். அரிசி, சர்க்கரை வைப்பதற்கோ ஆட்டுக்குத் தண்ணீர் காட்டுவதற்கோ அவற்றை எடுக்கலாகாது.

களைக்கொல்லி, பூச்சிமருந்துக் கலம் காலியானவுடன் வேலையிடத்திலேயே மூன்று முறை நீர் ஊற்றிக் குலுக்கி, அந்த நீரைத் தெளிப்புக் கருவியிலேயே ஊற்றிவிட வேண்டும். பின்னர் கலத்தின் அடியில் துளையிட்டுவிட்டால் மீண்டும் அதில் எவரும் எதையும் பிடிக்க இயலாது. அமிலம், அம்மோனியா வந்த கலங்களைத் திறந்து கழுவ முற்படாமல், மூடியை இறுக மூடியே வைக்க வேண்டும். எல்லாக் கலங்களையும் எண்ணித் தோட்டத்து ஸ்டோரில் ஒப்படைத்து, ஏட்டில் பதியச் செய்துகொள்க. வீட்டில் ஏற்கனவே அத்தகைய கலம் இருக்குமானால், உள்ளிருக்கும் தண்ணீரைக் குடிநீர்க் கிணற்றுக்கும் ஓடைக்கும் தொலைவில் கொட்டிவிட்டு, அதனையும் அதே ஸ்டோரில் சேர்த்துவிடலாம்.